சிறந்த நகைச்சுவைப் பேச்சாளர்

பட்டிமன்றம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பணமா பாசமா, மாமியாரா மருமகளா என்று எதையாவது எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவார்கள். கடைசியில் நடுவர் எழுந்து, பணமும் வேண்டும் பாசமும் வேண்டும் என்பார். இதைச் சொல்லவா இத்தனை நாற்காலி போட்டீர்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்க முடியாது, அதற்குள் வடை வந்துவிடும்.

ஆனாலும் எங்கள் டவுன்ஷிப்பில் பொங்கல் வந்தால் பட்டிமன்றம் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய டவுன்ஷிப் அது. என் வீட்டுக்காரருக்கு அங்கேயே ஆபீஸ். எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. டீச்சர் என்றால் பேச வரும் என்று ஊரில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. அதனால் எந்த அணிக்கு ஆள் கிடைக்கவில்லையோ அந்த அணியில் வருஷா வருஷம் என்னைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த வருஷத் தலைப்பு, 'தூக்குத் தண்டனை தேவையா, தேவையில்லையா'. பேப்பரிலும் டிவியிலும் அப்போது அதுதான் பேச்சு. எங்கள் ஊர் பால் பூத் வரிசையில் நிற்கிறவர்கள், தங்கள் முறை வருவதற்குள் ரெண்டு பேரையாவது தூக்கில் போட்டுவிட்டுத்தான் பால் பாக்கெட்டை வாங்குவார்கள். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, "இவனுங்களையெல்லாம் நடுரோட்டுல வச்சு..." என்று ஆரம்பிப்பார்கள். எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போடுகிற வீட்டு அம்மாக்கள்கூட அந்த விஷயத்தில் படு கறார். 'தேவையில்லை' அணிக்கு யார் கிடைப்பார்கள்? நான்தான்.

இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகவே நானும் எடுத்துக்கொண்டிருப்பேன், பக்கத்து வீடு இல்லாமல் இருந்திருந்தால்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே ஒரு கணவனும் மனைவியும். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், குழந்தை இல்லை. அவர் ஆபீஸில் நல்ல பதவியில் இருந்தார். அதைவிட முக்கியம், டவுன்ஷிப்பிலேயே சிறந்த பேச்சாளர் என்று பெயர் வாங்கியவர். மகளிர் தினத்துக்குச் சிறப்புரையே அவர்தான். தாய்மை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும், முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் அதே குரல் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி கேட்கும். பிறகு ஏதாவது விழும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில்தான் நான் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்தக் கோயில் என் பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

எங்கள் பிளாக்கில் இது தெரியாதவர் கிடையாது. தெரிந்து என்ன செய்தார்கள் என்றால், டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். மாடி வீட்டில் கூட்டினால் கீழ் வீட்டிலும் கூட்டுவார்கள். எந்த வீட்டில் எந்த சீரியல் ஓடுகிறது என்று அந்த நேரத்தில் ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும். நான் ஒரு முறை போய்க் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "வாங்க டீச்சர், காபி சாப்பிடறீங்களா?" என்றார். அவ்வளவு மரியாதை. நான் என்னத்தைச் சொல்ல? சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கேட்காத சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பட்டிமன்றம் நடத்துகிற கலைக்குழுவின் செயலாளரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் பகுதிக்குப் பெரிய மனிதர், அவர் சொல்லை நாலு பேர் கேட்கிற இடத்தில் இருந்தவர். "குடும்ப விஷயம் டீச்சர். நாம உள்ள பூந்தா நல்லாருக்காது. கோவக்காரருதான், ஆனா மனசு தங்கம்" என்றார். தங்கத்தை உருக்கித் தாலி செய்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டேன். நல்ல ஜோக் என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணிடமே போலீசுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். இரண்டு நாள் உள்ளே இருந்தால் சஸ்பெண்ட் ஆகிவிடும். கேஸ் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், அது அவர் பேரில்தான் இருந்தது. பிறந்த வீட்டில் அண்ணன்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். "அவர் உள்ள போனா நான் வெளிய போகணும் டீச்சர்" என்றாள். பி.காம் படித்தவள், கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் அவள் செத்துப்போனால், இதே பால் பூத் வரிசை அவரைத் தூக்கில் போடச் சொல்லும். அதுவரைக்கும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் செயலாளர் ஒரு புது யோசனையோடு வந்தார். தூக்கு வேண்டும் என்ற அணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தலைவர். வேண்டாம் என்ற அணியில் எனக்குத் துணையாக அவர் மனைவி. கணவன் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். பட்டிமன்றத்தில் இது பழைய உத்தி. புருஷன் பெண்டாட்டியை எதிரெதிராக உட்கார வைத்தால் ஜனங்களுக்குச் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்றேன்.

"கலகலப்பா இருக்கும் டீச்சர். சப்ஜெக்டு ரொம்ப சீரியஸா கீது, கொஞ்சம் ஜாலி வேணும்ல?" என்றார்.

"அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதான் டீச்சர், இப்டி மேடையில ஒண்ணா ஏறினா ரெண்டு பேருக்கும் ஒரு ஒட்டுதல் வரும்."

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருத்தி முட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மறுத்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் ஒப்புக்கொண்டாள். "பேசறேன் டீச்சர்" என்றாள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரர் ஆணையிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கான பேச்சையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி சமையலில் உப்புப் போட மறந்தது, புடவைக் கடையில் நேரம் போனது என்று அவளையே கிண்டல் செய்கிற துணுக்குகள். தன் எதிரணிப் பேச்சையும் தானே எழுதிக்கொள்கிற மனிதரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, மாலை நாலு மணிக்குச் சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. செங்கல்பட்டிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நடுவராக வந்திருந்தார். கடற்காற்று கொஞ்சம் சில்லென்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். குளிருக்காக என்று நினைத்தேன். முன்வரிசையில் செயலாளரின் மனைவி. அவர் மதுராந்தகம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண், வெள்ளை மனசு. அவர் சிரித்தால் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். எங்கள் ஊர்ப் பேச்சாளர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஜோக் சொல்வார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "நடுவர் அவர்களே! பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கு மனித உரிமை பேசுவோமா? அடிப்போமா, மாட்டோமா?" என்றார். கைத்தட்டல். "ஒரு பெண்ணின் கண்ணீருக்குக் காரணமானவன் இந்த மண்ணில் மூச்சுவிடலாமா?" என்றார். கூரை இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நீளமான விரல்கள். பேச்சுக்கு ஏற்ற மாதிரி அழகாக மேலேயும் கீழேயும் போய் வந்தன.

அடுத்து நான். தப்பான தீர்ப்பு என்றால் செத்தவனை எழுப்பித் திருத்த முடியுமா என்று கேட்டேன். ஏழைதானே மாட்டிக்கொள்கிறான் என்றேன். கணக்கு டீச்சர் கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரியே பேசினேன் போலிருக்கிறது, முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். மரியாதைக்கு நாலு பேர் தட்டினார்கள்.

பிறகு அவள் எழுந்தாள். எழுதிக் கொடுத்த தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

"நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணித் தலைவர் என் வீட்டுக்காரர்" என்றாள். அதற்கே சிரிப்பு. ஆள் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது கூட்டம்.

"பாம்பு வீட்டுக்குள்ள வந்தா அடிக்கணும்னு சொன்னார். வெளியிலேர்ந்து வர்ற பாம்புக்குச் சரி. அந்த வீடே பாம்பு பேர்ல இருந்தா என்ன பண்றது?"

விசில் பறந்தது. செயலாளரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. மைக்கைப் பார்த்தே பேசினாள். "கழுத்து இறுகினா எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். கயிறு இல்லை, கை. முதல்ல காதுல கடல் சத்தம் மாதிரி கேக்கும். அப்புறம் பாக்கறதெல்லாம் ஓரத்துலேர்ந்து கறுத்துக்கிட்டே வரும். கால் தரையில இருக்கா இல்லையான்னு தெரியாது. அந்த நேரத்துல இவரைத் தூக்குல போடணும்னு எனக்குத் தோணினதே இல்லை. கையை எடுத்தாப் போதும்னுதான் தோணும்."

கூடம் ஒரு நொடி அமைதியானது. இதோ, கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணாத்த வூட்லயே ரிகர்சல் பாக்கறாரு டோய்!" என்றது. அவ்வளவுதான், கூடம் வெடித்துச் சிரித்தது.

அவள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தன் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளாலும் தன் கழுத்தையே பிடித்து, நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டினார். ஜனங்கள் நாற்காலியைத் தட்டினார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மா வீட்டு ரகசியத்தையெல்லாம் போட்டு உடைக்கிறாங்களே!" என்றார்.

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவள் மிச்சத்தையும் சொன்னாள். "தண்டனை பெருசாக ஆக, வீட்டுக்குள்ள இருக்கறவ வாயைத் திறக்க மாட்டா. அவர் வாழ்க்கை என்னால போகணுமான்னு யோசிச்சுக்கிட்டே இருப்பா. தண்டனை சின்னதா, நிச்சயமா இருந்தா முதல் அடியிலேயே சொல்லிடலாம். இல்லைன்னா அவ செத்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். அப்ப நீங்க எல்லாரும் தூக்குல போடுன்னு சொல்வீங்க. அதனால எனக்கு என்ன லாபம்?"

இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ பேச்சுகளைப் பிறகு கேட்டிருக்கிறேன். இத்தனை தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை. அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள், ஆனால் சிரித்தார்கள்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். கண்டிப்பும் வேண்டும், கருணையும் வேண்டும். எனவே சட்டப் புத்தகத்தில் தூக்கு இருக்கட்டும், ஆனால் யாரையும் தூக்கில் போட வேண்டாம். நான் எதிர்பார்த்ததுதான். அவள் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'சிறந்த நகைச்சுவைப் பேச்சாளர்' என்று அவளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். ஜோடியாக நில்லுங்கள் என்று சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள். போட்டோவில் அவர் கை அவள் தோள்மேல் இருந்தது.

அவரைச் சுற்றிப் பாராட்டுக் கூட்டம் நின்றுகொண்டிருந்தபோதே அவள் இறங்கி என்னோடு நடந்தாள். தன் வீட்டு வாசலைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்து, ஹாட்பாக்ஸைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். போர்த்தியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். கழுத்தில் பழைய தடங்கள் மஞ்சளாக மாறியிருந்தன. அவற்றின்மேல் புதிதாகச் சிவப்பு. அடி என்று எனக்குத் தெரியும். கழுத்து என்று தெரியாது. மேடையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

தூக்கு வேண்டாம் அணியின் தலைவி நான். அரை மணி நேரத்துக்கு முன்புதான் உயிரை எடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று பேசிவிட்டு வந்தவள். அந்த நிமிஷம் என் கையில் ஒரு கயிறு இருந்து, சட்டமும் சரி என்று சொல்லியிருந்தால், அந்த ஆளைத் தொங்கவிட்டுவிட்டு வந்து சாதத்துக்கு உலை வைத்திருப்பேன். இதை ஒளிக்க எனக்கு இஷ்டமில்லை. அவளிடமும் சொன்னேன்.

"அவர் செத்தா நான் அழணும் டீச்சர். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லை" என்றாள்.

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"அவர் கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

பிறகு அவளே சொன்னாள். "வீட்டுக்குள்ள சொன்னா குடும்ப விஷயம்னு சொல்றாங்க. மைக்குல சொன்னா ஊர் விஷயம் ஆயிடும்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். யாராவது ஒருத்தர் எழுந்திருப்பாங்கன்னு பாத்தேன்." நான் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இருட்டுகிற நேரத்தில் அவர் வந்து கதவைத் தட்டினார். என் வீட்டுக்காரர் எதிலும் பட்டுக்கொள்ளாத ஆள், அன்றைக்கு என்ன தோன்றியதோ, சங்கிலியைக் கழற்றாமலே கதவை இடுக்காகத் திறந்து, "நாளைக்குப் பேசிக்கலாம் சார்" என்றார். வெளியே நின்றவர் தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது. "டீச்சர், காமெடியை நெஜம் ஆக்காதீங்க" என்று உள்ளே பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்ற அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியையும் முட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே கருணை மனு வந்துவிட்டது. செயலாளரும், அவரோடு இரண்டு ஆபீஸர்களும். செயலாளரின் மனைவியும் கூட வந்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டார். நேற்று முன்வரிசையில் உட்கார்ந்து தூக்குக்குக் கை தட்டிய மூன்று பேர், இன்று என் சோபாவில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே மன்றாடினார்கள்.

"ஒரு தடவை மன்னிச்சிடலாம்" என்றார் ஒருவர்.

"போலீசுன்னு போனா அவர் கேரியரே போயிடும். நல்ல மூளை, ஆபீஸுக்கு நஷ்டம்" என்றார் இன்னொருவர்.

"கோவக்காரன்தான் டீச்சர், கொலைகாரன் இல்லியே" என்றார் செயலாளர்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "நேத்து ஒரு பொண்ணோட கண்ணீருக்குக் காரணமானவன் மூச்சே விடக் கூடாதுன்னு சொன்னப்ப கை தட்டினது யாரு?"

"அது பேச்சு டீச்சர். அவனுங்க வேற. இவரு நம்மாளு."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சமையலறைப் பழமொழி என்று நினைத்திருந்தேன். ஆபீஸர்களுக்கும் அதுதான் சட்டம். முகம் தெரியாதவனுக்குக் கயிறு. முகம் தெரிந்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு, அதற்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு. நடுவில் இருக்கிற சாதாரணக் காரியங்கள், அதாவது கதவைத் தட்டுவது, புகார் எழுதுவது, பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வது, இவை எதுவும் இவர்கள் அகராதியில் கிடையாது. தூக்கு என்று கத்துவது சுலபம், அதைப் போடுகிறவர் வேறு யாரோ. சாட்சி சொல்வது அப்படியில்லை, அதற்குத் தானே எழுந்து போக வேண்டும்.

இவ்வளவையும் நான் கத்தித்தான் சொன்னேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு அவர்களைப் பார்த்து, "அவரைக் கொல்லணும்னு நான் கேக்கலை சார். நேத்து நான் மேடையில சொன்னதை நீங்க கேட்டீங்க. கேட்டோம்னு ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா?" என்றாள்.

மூன்று பேரும் காபி டம்ளரைப் பார்த்தார்கள். ஒருவர், மைக் செட் சரியில்லை, அவ்வளவாகக் காதில் விழவில்லை என்றார். இன்னொருவர், தான் அப்போது வெளியே போன் பேசப் போயிருந்ததாகச் சொன்னார். செயலாளர், "நீ தமாசா சொல்றேன்னுதான்மா நெனச்சோம்" என்று எழுந்துவிட்டார். காபி மட்டும் ஒரு சொட்டு மிச்சமில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். பள்ளிக்கு லீவு சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று. டவுன்ஷிப் வாசலில் மாமல்லபுரம் போகிற ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏற்கெனவே ஒருவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செயலாளரின் மனைவி.

"எங்க வந்தீங்க?" என்றேன். தடுக்கத்தான் புருஷன் அனுப்பியிருக்கிறார் என்ற சந்தேகம். என் குரலில் அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

"நீங்க போற எடத்துக்குதான்" என்றார். எப்போதும் பேசிச் சிரித்துக்கொண்டே வருகிற மனுஷி, அன்று வழி நெடுக சவுக்குத் தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு நடந்தவை நீளமான கதை. அவரைக் கைது செய்தார்கள், சஸ்பெண்ட் ஆனார். அவள் இருக்கும் பக்கம் போகக் கூடாது, தினமும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லித்தான் ஜாமீன் கொடுத்தார்கள். வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கியது. கிடைத்த தண்டனை சின்னது, அப்பீலில் அது இன்னும் சின்னதானது. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை. அவள் கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்குப் போய், சிறுசேரியில் ஒரு கம்பெனியில் யார் எந்த வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலையில் சேர்ந்தாள். போய்ப் பார்த்தபோது கழுத்தில் ஒன்றும் சுற்றாமல் கதவைத் திறந்தாள். ஹாட்பாக்ஸிலிருந்து எனக்குச் சப்பாத்தி எடுத்து வைத்தாள். அவர் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறார், எங்கேயாவது மேடையும் ஏறுவார். அவர் கை எட்டுகிற தூரத்தில் அவள் இல்லை. அவள் கேட்டது அதுதான்.

அன்றைக்குக் காலையில் அது எதுவும் நிச்சயமில்லை. மகளிர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கழுத்தைப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இந்தத் தடம் எப்படி வந்துச்சுன்னு அவர் ஆயிரம் கதை சொல்வாரும்மா. நேத்து சாயங்காலமே எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லிட்டீங்கங்கறது முக்கியம். ஆனா பட்டிமன்றத்துல சொன்னது. தமாஷுக்குச் சொன்னாங்கன்னு வக்கீல் சொல்லுவார். நேத்து இவங்க சொன்னதைக் கேட்டேன்னு சொல்ல வெளியாள் யாராவது இருக்காங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. செயலாளரின் மனைவி எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் கீறேன் மேடம்."

"நீங்க யாரும்மா? நீங்க கேட்டீங்களா?"

"சிரிச்சேன் மேடம்" என்றார் அவர். முகம் கோணிக்கொண்டு வந்தது. "எங்க வூட்டுக்காரரு, ஆபீஸருங்க எல்லாரும் காதுல வுழலன்னு சொல்லிட்டாங்க. காதுல வுழாம எப்டி சிரிப்பு வரும்? எனக்கு ஒவ்வொரு வார்த்தயும் வுழுந்துச்சு. அதான் சிரிச்சேன். எழுதிக்கோங்க மேடம். மொத வரிசைல குந்திகினு சிரிச்சேன்."